வராந்தாவில் ஒரு பேராசிரியை

டோரீன் இருக்கும் அறையில் பகடையை ஆறு முறை உருட்டினால் ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா எண்களும் தலா ஒரு தடவை விழும். ஏழாவது உருட்டலில் கணக்கு புதிதாகத் தொடங்கும். சிவாஜிநகரில் அவள் வளர்ந்த சந்து முழுக்க இது தெரிந்திருந்ததால், பகடை உருட்டும் எந்த ஆட்டத்திலும் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொண்டதில்லை. கண்ணால் பார்த்தேயிராத தற்செயலின் மேல் அவளுக்குத் தீராத ஆசை பிறந்தது அப்படித்தான். நிகழ்தகவில் முனைவர் பட்டம் வாங்கினாள். 2011இல் சந்தாபுரா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் விரிவுரையாளர் ஆனாள். பாடம் நன்றாகவே நடந்தது. ஆராய்ச்சியில்தான் சிக்கல். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் அவள் பல்புகளைச் சோதித்தபோது, எந்த நூறை எடுத்தாலும் மிகச் சரியாக மூன்று பழுது. ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பின: தற்செயலில் இவ்வளவு ஒழுங்கு இருக்காது, தரவு இட்டுக்கட்டியது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. குற்றம் உறுதியானால் வேலை போகும்.

2017இல் ஒரு புதன்கிழமை காலை, குழுத் தலைவர் உத்தமன் தானே கடையில் வாங்கிய பகடையோடு டோரீனின் அறைக்கு வந்தார். நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு அறுநூறு முறை உருட்டினார். ஒவ்வொரு எண்ணும் நூறு தடவை.

“நீங்க வாங்கிட்டு வந்த டைஸ்தானே சார்?” டோரீன் கேட்டாள்.

உத்தமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஆமாம்மா. நீங்க பொய் சொல்லலன்னு தெரியுது. ஆனா இத வெச்சு எப்படி பேப்பர் போடுவீங்க? கொஞ்சம் வெளிய உக்காருங்க, பாக்கலாம்.”

அவள் வராந்தாவில் உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே உத்தமன் உருட்ட, ஆய்வு மாணவி விஜி எண்களைச் சத்தமாகச் சொன்னாள். “ஆறு... ஆறு... ரெண்டு... ஆறு... ஆறு!”

முப்பத்தெட்டு வயதில் முதன்முதலாக டோரீன் தற்செயலைக் கேட்டாள். மாடி வகுப்பு முழுக்க எட்டிப்பார்க்கும்படி சிரித்தாள். “விஜி, இன்னொரு வாட்டி சொல்லுடி!”

“மறுபடியும் ஆறு மேடம்!”

குழுவின் அறிக்கை ஒரே பக்கம்: முனைவர் டோரீன் மீது குற்றமில்லை, சோதனைகளின்போது அவர் வராந்தாவில் அமர வேண்டும், நாற்காலியும் மின்விசிறியும் வழங்கப்படும். நான்காவது வாரம் இரண்டும் வந்து சேர்ந்தன. மறுவருடம், புதிய சோதனைகளோடு, கட்டுரை வெளியானது. சோதனை நேரத்தில் ஆய்வாளர் அறைக்கு வெளியே இருந்தார் என்ற அடிக்குறிப்புக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. பிறகு இணைப் பேராசிரியர், பேராசிரியர், துறைத்தலைவர்.

இப்போது கோப்புகள் கையெழுத்துக்கு வராந்தாவுக்கே வருகின்றன. மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டுகிறார்கள். உள்ளிருந்து எண் சொல்லும் குரல் கேட்டதும் டோரீன் கையை உயர்த்துகிறாள். துணைவேந்தரே ஆனாலும், பேச்சை நிறுத்தி, அவள் கேட்டுச் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்.