தலைமாட்டுக் கல்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு பங்குனியில், ஏறாவூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் நான் சொன்ன பொய்யில் பிறந்தது. மூன்று வருடங்களுக்கு மேலாக எழுதாமல் இருந்தேன். இப்போது சண்டை திரும்பவும் தொடங்கி, கரடியனாற்றுப் பாதை மூடிக் கிடக்கிறது. போக நினைத்தாலும் போக முடியாது என்று ஆன பிறகுதான் எனக்கு எழுதும் துணிவு வந்திருக்கிறது. அந்தத் துணிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'நான்' என்றுதான் எழுதினேன். நான்கு பக்கம் போனதும் வாசித்துப் பார்த்தால், அதில் இருந்தவர் நல்ல மனிதராக இருந்தார். கிழித்துப் போட்டேன். ஆகவே இனி 'அவர்'. பெயர் இராசதுரை. வந்தாறுமூலையில் வீடு, கரடியனாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். அவர்மேல் எனக்கு இரக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2

தொடக்கங்கள்.

(முதலாவது) 'மாசி வெயிலில் அந்த வெட்டைவெளி செம்புத் தாம்பாளம் போல—' வேண்டாம். அழகாகத் தொடங்கினால் அழகாகவே முடிக்கச் சொல்லும்.

(இரண்டாவது) 'கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும் இந்த இரும்புக்கல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் கடலடியில்—' இதுவும் வேண்டாம். அத்தனை கோடி ஆண்டுகளுக்குள் போய் ஒளிந்துகொண்டால் தொண்ணூறாம் ஆண்டு சின்னதாகத் தெரியும். அதற்காகத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

(மூன்றாவது) இராசதுரைக்குக் கல் பொறுக்கும் பழக்கம் இருந்தது.

இது போதும்.

3

பள்ளிக்கூடம் விட்டதும் மற்ற ஆசிரியர்கள், கறுத்தப் பாலத்துச் சோதனைச் சாவடியைக் கடந்து நேரத்தோடு வீடு சேர ஓடுவார்கள். இராசதுரை வெட்டையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். பையில் ஒரு சுத்தியல், நூலில் கட்டிய காந்தம், குறித்து வைக்க ஒரு கொப்பி. காந்தம் கல்லை நோக்கித் திரும்பினால் குனிந்து எடுப்பார். எச்சில் தொட்டுத் தேய்ப்பார். காய்ந்த கல்லில் மங்கிக் கிடக்கும் பட்டை ஈரம் பட்டதும் பளிச்சென்று எழும்பி வரும். 'கல்லு மாஸ்டர்' என்று ஊரில் பெயர். சுற்றிலும் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். "கல்லுக்கு இயக்கமும் இல்ல, ஆமியும் இல்ல," என்பார். (இதைப் பெருமையாகவே சொல்வார்.)

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் பின்னேரம், கைவிடப்பட்ட ஒரு வட்டைக்கு மேற்கே போனார். ஏறாவூர் முஸ்லிம்கள் செய்த வயல்நிலம் அது. மூன்று வருடமாக யாரும் உழவில்லை. புதர் மண்டிய பற்றைக்கு நடுவில் அந்தக் கல்லைக் கண்டார். அதுவரை அவர் பொறுக்கியதெல்லாம் கைக்குள் அடங்கும் துண்டுகள். இது முழங்கை நீளம். ஒரு பக்கம் வழவழவென்று குழிந்திருந்தது.

(முதல் படியில் நான் எழுதியது: 'மண்ணில் பாதி புதைந்து கிடந்தது.' பொய். கிடக்கவில்லை, நின்றது. நட்டு வைத்தபடி நின்றது.)

(இரண்டாம் படியில்: 'அவர் வேறு எதையும் கவனிக்கவில்லை.' கவனித்தார். ஆறடி தள்ளித் தெற்கே இன்னொரு சின்னக் கல்லும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் மண் சற்று மேடாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "பழைய எல்லைக் கல்லாத்தான் இருக்கும்," என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாதபோது அதை எதற்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்?)

(மூன்றாம் படியில்: 'போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவிப் பார்த்தார்.' போத்தல் காலி. துப்பினார்.)

பட்டைகள் தெரிந்தன. சிவப்பு, கறுப்பு, நடுவில் மயிரிழை போல வெள்ளை. அப்படி ஒரு கல்லை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். சாக்கில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டினார்.

பாலத்தில் ஆமிக்காரன் சாக்கை அவிழ்த்தான்.

"மாஸ்டர், இது என்ன?"

"கல்லு."

"வீட்டுல கல்லு இல்லையா?"

அவன் சிரித்தான். இராசதுரையும் சிரித்தார்.

முன்னறை அலுமாரிக்கு மேல் கல்லை வைத்து ஒரு சீட்டு ஒட்டினார். 'மாதிரி 47. பட்டை இரும்புக்கல். ஒரு பக்கத் தேய்வு: நீர் அரிப்பு.'

4

பத்து வருடம் கழித்து, சமாதானம் என்று பாதை திறந்திருந்த நாட்களில், ஸைனம்பு அந்த வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைத்தறி நெய்து பிள்ளைகளை வளர்த்தவர். தம்பி பதியுதீன் தன் ஓட்டோவில் கூட்டி வந்திருந்தார்.

"கரடியனாத்துப் பக்கம் வெட்டை முழுக்க நடந்து திரிஞ்ச ஆள் நீங்கதான் எண்டு சொன்னாங்க சேர்," என்றார் ஸைனம்பு. "எங்கட ஊட்டுக்காரர் உசனார்ர கபுறு அங்கதான் இருக்கு. தொண்ணூறில, வட்டைக்குள்ள வெச்சுச் சுட்டுப்போட்டாங்க. றோட்டால ஊருக்குக் கொண்டுபோக ஏலாது. பக்கத்து வயல்காரர் கந்தப்போடி அண்ணனும் நானும்தான் கிடங்கு வெட்டி அடக்கின. அவரும் இப்ப மௌத்து. எனக்கு இடம் புடிபடுதில்ல."

யார் சுட்டது என்று அவர் சொல்லவில்லை. ஒரு தமிழ் வீட்டில் உட்கார்ந்திருந்ததால், மரியாதைக்காக அதை விட்டுவிட்டார். இராசதுரையும் கேட்கவில்லை. அது மரியாதைக்காக அல்ல.

"அடையாளம் ஏதும் வெச்சீங்களா?"

"மீசான் கல்லுக்கு அண்டைக்கு எங்க போற? தலைமாட்டில அவர் கத்தி தீட்டுற கல்ல நட்டன். வாய்க்கால் வெட்டக்குள்ள அவர் எடுத்த கல்லு. செவப்பும் கறுப்புமா வரி வரியா இருக்கும். தீட்டித் தீட்டி ஒரு பக்கம் குழிஞ்சு போச்சு. கால்மாட்டுக்குச் சின்னக் கல்லொண்டு. கண்டா நான் உடன சொல்லிருவன் சேர்."

மாதிரி 47 ஸைனம்புவின் முதுகுக்குப் பின்னால், அலுமாரிக்கு மேல் இருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த அன்னப்பூரணி, இராசதுரையின் மனைவி, வாசலிலேயே நின்றுவிட்டாள். "இஞ்சாருங்க, அந்தப் பக்கத்தில இருந்துதானே நீங்க—"

"சீனி காணாது. கொண்டு வா," என்றார் இராசதுரை. தேத்தண்ணியை அவர் இன்னும் தொடக்கூட இல்லை.

(அவர் மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டிய இடம் இது. மூன்று பத்தி எழுதினேன். அதிர்ச்சி, பயம், அந்தப் பெண் இதைத் தாங்கமாட்டாரே என்ற கரிசனை. கரிசனை நான் பிறகு சேர்த்தது. அந்த நேரம் அவர் நினைத்தது ஒன்றுதான்: இவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.)

ஸைனம்பு திரும்பிப் பார்க்கவில்லை.

5

அடுத்த நாள் காலை மூவரும் ஓட்டோவில் போனார்கள். இடம் இராசதுரைக்குத் தெரியும். காலடி எண்ணிக் கொப்பியில் எழுதி வைத்தவர். ஆனாலும் தெரியாதவர் போல ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினார். சுற்றும்போதே கால்மாட்டுக் கல்லைக் கண்டுவிட்டார். புல்லுக்குள் ஒரு சாண் தெரிந்தது. அதைக் காட்டினால் அடுத்த கேள்வி, மற்றக் கல் எங்கே என்பதுதான். ஸைனம்பு அந்தப் பக்கமாக வந்தபோது, அவர் போய் அந்தக் கல்லை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச ஒண்டும் இல்ல," என்றார். "பற்றைக்கு நெருப்பு வெச்ச நேரம் ஆரும் எடுத்திருப்பாங்க."

ஸைனம்பு வெட்டையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"கல்லு போனாப் போகட்டும் சேர். எங்க இருந்து ஓதினாலும் அல்லாஹ் கொண்டுபோய்ச் சேர்ப்பான்."

எண்பது காலடி தள்ளி, ஒரு கறையான் புற்றுக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்து யாசீன் ஓதினார். அந்த மண்ணுக்குக் கீழே யாரும் இல்லை என்பதை அறிந்தவர் இராசதுரை ஒருவர்தான். ஓதி முடியும்வரை அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பதியுதீன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். போகும்போது இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தார்.

ஒரு மாதம் கழித்து பதியுதீன் ஒரு பார்சல் கொண்டுவந்தார். உள்ளே இடுப்பில் உடுக்கும் புதுச் சாரன். "அக்கா உங்களுக்கெண்டே நெய்ஞ்சது சேர்."

அவர் போன பிறகு அன்னப்பூரணி சாரனை விரித்து, அலுமாரிக்கு மேலிருந்த கல்லின்மேல் போர்த்தினாள். "இனி இதில தூசு தட்ட நான் வரமாட்டன்," என்றாள்.

6

முடிவுகள்.

(அ) இராசதுரை ஏறாவூருக்குப் போய்க் கல்லை ஸைனம்புவின் முன்னால் வைக்கிறார். அவர் அழுகிறார், பிறகு மன்னிக்கிறார். நன்றாகத்தான் வந்தது. வெட்டிவிட்டேன். அவருடைய மன்னிப்பை என் கையால் எழுதி எடுத்துக்கொள்வது இரண்டாவது திருட்டு.

(ஆ) ஒரு காலையில் கல்லைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே நடுகிறார். இதில் பாதி உண்மை. கரியரில் கட்டிக்கொண்டு கறுத்தப் பாலம் வரை போனார். அன்றைக்கு யாரும் மறிக்கவில்லை. பாதை திறந்திருந்தது. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். ஏன் என்று பல காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

(இ) கல்லை வாவியில் போட்டுவிடுகிறார். நடக்கவில்லை. நினைத்தது உண்டு. நினைத்ததை மறைக்கக் கூடாது என்பதற்காக இங்கே போடுகிறேன்.

7

ஆகவே முடிவு என்னிடம் இல்லை.

ஸைனம்புவுக்கு வாசிக்கத் தெரியாது. மகள் றமீஸா வாசிப்பார் என்று கேள்வி. நீங்கள் அவர்களை அறிந்தவர் என்றால், இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுங்கள். என்னுடைய வெட்கத்தைப் பற்றிய மற்றப் பக்கங்கள் அவர்களுக்கு எதற்கு? அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை நான் எழுதமாட்டேன். நீங்கள் கொடுத்தால் அது நடக்கும்.

'கல் பத்திரமாக இருக்கிறது' என்று இங்கே எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். கல்லை எடுத்தவன் நான். அது வந்தாறுமூலையில் என் வீட்டில் இருக்கிறது.

பாதை திறந்ததும் போகலாம். உசனாரின் வட்டைக்குப் பக்கத்துக் குளக்கட்டின் மேற்கு முனையில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதிலிருந்து பொழுது சாயும் பக்கமாக நூற்று நாற்பது காலடி. புல்லை விலக்கினால் ஒரு சாண் உயரத்தில் சின்னக் கல் இருக்கும். அது கால்மாடு. அங்கிருந்து வடக்கே ஆறடி.

ஓத வேண்டிய இடம் அதுதான்.