மெஷின் கோளாறு

அந்த ஆஸ்பத்திரியின் இதய வார்டில் எட்டுக் கட்டில்கள், தலைமாட்டில் எட்டு மானிட்டர்கள். எல்லாம் முதுகு பெருத்த பழைய படக்குழாய்ப் பெட்டிகள். அவற்றுக்கு வைத்தியம் பார்க்க ஒரே ஒரு மெக்கானிக். மூன்றாம் கட்டிலில் அவன் அக்காவின் கணவரே மாரடைப்போடு வந்து படுத்துவிட்டார். கண்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர்.

"மாப்ள, இந்தப் பச்சைப் புழு எப்படி ஓடுது?" என்று கேட்டார் மாமா.

"பின்னாடி ஒல்லியா கழுத்து மாதிரி இருக்குல்ல, அங்க ஒரு கம்பி சூடாகி எலக்ட்ரானக் கக்குது மாமா. அது பாஞ்சு வந்து கண்ணாடி உள்பக்கத்துல மோதுது. மோதுற இடத்துல பூச்சு மினுங்குது. வெறும் புள்ளிதான். அதை இடமிருந்து வலமா இழுக்கறது ஒரு சுருள். மேலயும் கீழயும் ஆட்டற சுருளுக்கு உத்தரவு போடறது உங்க நெஞ்சு."

"அப்ப என் நெஞ்சு எழுதுதுன்னு சொல்லு."

"அதான் இவ்வளவு கோணல்" என்றாள் அக்கா.

மாமா சிரித்தார். பிறகு, "அந்த 'பிப் பிப்' சத்தம்தான் உசிர வாங்குது. பொட்டுத் தூக்கம் இல்ல" என்றார். மெக்கானிக் குமிழைத் திருகி ஒலியை அடியோடு குறைத்தான். விதிப்படி அது தப்பு. ஆனாலும் மாமா ஆயிற்றே.

மறுநாள் அலைகள் படுத்துவிட்டன. திரையின் குறுக்கே ஒரே கோடு. அக்கா அலறினாள், நர்ஸ் ஓடி வந்தாள். மாமாவோ உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மேல் கீழ்ச் சுருளில் ஈயப்பற்று விட்டிருந்தது. மெக்கானிக் பற்றவைத்தான். வார்டே சிரித்து ஓய்ந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் மறுபடியும் அதே கோடு. அக்கா கூப்பிட்டதும் அவன் வந்து பார்த்தான். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஒண்ணுமில்லக்கா, மெஷின் கோளாறு. பதறாத."

வார்டுக் கடைசியில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் தலை நிமிர்ந்தாள். "நான் பாத்துக்கறேன் சிஸ்டர்" என்று கைகாட்டினான். பெட்டியைத் திருப்பி நான்கு திருகுகளைக் கழற்றினான். முதுகைத் திறந்தான். அவன் வைத்த பற்று பளபளவென்று அப்படியே இருந்தது. சுருளை மீட்டரால் தொட்டுப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. இன்னொரு முறை தொட்டான்.

அப்போதுதான் உறைத்தது. சுருள் செத்திருந்தால் கோடு மட்டும்தான் படுக்கும்; சத்தம் படுக்காது. கை தானாகக் குமிழைத் திருகியது. விடாத ஒரே ஊளை வார்டு முழுக்கக் கிளம்பியது.

நர்ஸ் ஓடி வந்தாள், டாக்டர் வந்தார். நெஞ்சை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் போராடியும் போன உயிர் திரும்பவில்லை.

"யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்த டாக்டரை அவன் நடையில் மறித்தான்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா சார்?"

டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப அதக் கேட்டு என்ன ஆகப்போகுது?"

ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் மாமாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்தது, பெட்டியைத் திறந்தது, நர்ஸைத் தடுத்தது என ஒன்று விடாமல் சொன்னான்.

"ஒண்ண விட்டுட்ட" என்றாள் அக்கா. "நான் அவரத் தொட்டு எழுப்பப் போனேன். நீதான் என் கையப் பிடிச்ச. 'தூங்கட்டும்கா, விடு'ன்ன."

அவனுக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை.

"கொஞ்ச நாளைக்கு இங்க வராத" என்றாள். குரல் உயரவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

எட்டு மாதம் கழித்துத்தான் அவள் கூப்பிட்டாள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையாம். போய்ச் சரிசெய்து கொடுத்தான். மோட்டார் சத்தம் சீராகும்வரை அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.