உள்ளே விட்ட துணி

தையல்காரரின் இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். புற்று பக்கத்திலும் குடியேறியிருந்ததால் மண்ணீரலும் கணையத்தில் ஒரு துண்டும் கூடவே போயின. வீடு திரும்பியவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களுக்கென்ன, சோறு இறங்குகிறது.

"இனிமே யாரைப் பாத்தும் எனக்கு வயித்தெரிச்சல் வராது. எரிய வயிறு வேணுமே" என்று அவர் சொன்னபோது மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. நாலு வாய் சாப்பிட்டால் வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும், படுத்துவிடுவார். எடை ஏறினால் நல்லது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. கிண்ணமும் கையுமாக அவர் பின்னாலேயே அலைந்தாள்.

கால்சட்டைகள் இடுப்பில் நிற்கவில்லை. அவரே மெஷினில் உட்கார்ந்து பிடித்துத் தைத்துக்கொண்டார். பிடித்த துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துவிடுவது அவர் வழக்கம். வாடிக்கைக்காரர் யாராக இருந்தாலும், "சதை போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். துவைக்கும்போதெல்லாம் அவள் உள்பக்கத்தைத் திருப்பி அந்த மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு அது எந்த மருந்தையும்விடத் தெம்பு.

இன்று மெஷினடியில் பெருக்கும்போது கறுப்புத் துணிக் கீற்றுகள் துடைப்பத்தில் சிக்கின. கொடியில் கிடந்த கால்சட்டையைப் பறித்துத் திருப்பினாள். மடிப்பு இல்லை. தையலை ஒட்டி வெட்டியிருந்தது.

"ஏங்க வெட்டினீங்க?"

"உறுத்துது."

"இத்தனை நாளா உறுத்தலையா?"

அவர் தரையைப் பார்த்தார். "போன தடவை உன்னை மருந்து வாங்க அனுப்பினேனே, அப்பத்தான் டாக்டர் சொன்னாரு. ஈரல்லயும் வந்துடுச்சாம். இனிமே பிரிச்சு விட வேண்டியிருக்காதும்மா."

அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. இவ்வளவையும் வெட்டிக் கொடுத்தது இதற்குத்தானா? குப்பையிலிருந்து கீற்றுகளைப் பொறுக்கி, தூசி தட்டி, அவர் மடியில் போட்டாள்.

"வெச்சுத் தைங்க."

"ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்கும்."

"உள்ளதானே இருக்கப் போகுது? யாரு பாக்கப் போறாங்க? தைங்க!"

அவர் ஊசியை எடுத்தார். நூல் காதுக்குள் நுழையவே இல்லை. அவள் பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோத்துக் கொடுத்தாள்.