அல்மூட்டின் கல்லுக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை எனக்குக் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தது. கல்லறைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தேன். பழைய பகுதியில் ஒரு பெரியவர் சாக்பீஸும் கையுமாகக் கற்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார், விடைத்தாள் திருத்துகிறவர்போல. எழுதலாம் என்று தோன்றியது. எழுதியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மலைச்சரிவில் இலையுதிர்காலம் தன் பொன்…"

அடித்துவிட்டேன். அன்று மேகமூட்டம். அவ்வளவு போதும்.

2

அவர் பெயர் ஓர்ட்வின் ஹாபர்கோர்ன். எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். ஊரின் வரலாற்றை எழுதியவரும் அவர்தான். தடித்த புத்தகம். எல்லார் வீட்டிலும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கும்.

இங்கே கல்லறை குத்தகைக்குத்தான். தவணை முடிந்தால் கல்லைப் பெயர்த்துவிட்டுப் புல் விதைப்பார்கள். பழைய பகுதிக்கு இனி நீட்டிப்பு கிடையாது என்று ஊராட்சி முடிவு செய்தது. ஊர் வரலாற்றில் இடமுள்ள கற்கள் மட்டும் தேவாலயச் சுவரோரம் போய் நிற்கலாம். எவை என்று வாத்தியார் சொல்வார்.

விதியை வகுத்ததும் அவரே. ஆலைக்காரக் குடும்பம் தங்கள் தாத்தாவின் கறுப்புக் கல்லுக்காக ஊர்க் கூட்டத்தில் கண்ணைக் கசக்கியபோது எழுந்து நின்றார்.

"பாசம் ஒரு காரணம் இல்லைங்க. அது எல்லாக் கல்லுக்கும் இருக்கு. அந்த ஆள் ஊருக்கு என்ன செஞ்சாருன்னு ஒரே வாக்கியத்துல, சத்தமாச் சொல்ல முடியணும். முடியலைன்னா புல்லு."

கை தட்டினார்கள். அதே பகுதியில் அவர் மனைவி அல்மூட்டும் இருக்கிறார் என்பது தட்டியவர்களுக்கு நினைவில்லை.

[வாத்தியாருக்கு இருந்ததா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இருந்தது என்றால் கல்நெஞ்சர் ஆகிறார். இல்லை என்றால் அதைவிட மோசம்.]

3

அன்று வாத்தியாரோடு கூட வந்தவன் யோஸ்ட், ஊராட்சியின் குழிவெட்டி. தலை நரைத்தவன். வாத்தியாரிடம் படித்தவன். இந்த ஊரில் யார்தான் படிக்கவில்லை.

"இந்தக் கல்லு, சார்?"

"தீயணைப்புப் படையைத் தொடங்கினவர். இருக்கட்டும்." சாக்பீஸால் ஒரு கோடு.

"இது?"

"குடிச்சாரு. செத்தாரு. புல்லு."

"எங்க பெரியப்பா சார் அது."

"தெரியும்டா. அதான் சுருக்கமாச் சொன்னேன்."

யோஸ்ட் சிரித்தான். "செத்தும் உங்ககிட்ட பாஸாக முடியல பாருங்க. நான் எவ்வளவோ தேவலை. உசுரோடயே பெயிலாயிட்டேன்."

அப்படியே அல்மூட்டின் கல்லுக்கு வந்துவிட்டார்கள். சின்ன மணற்கல். யோஸ்ட் முதுகைத் திருப்பிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தான்.

"நான் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கேன் சார். கோட்டைப் போடுங்க. யாரு கேக்கப் போறா?"

"நீ கேக்கணும். அதுதான் விதி."

"நான் கேக்கல."

"கேளுடா."

யோஸ்ட் புகையை விட்டான். கேட்கவில்லை.

4

அவன் கேட்காத இடைவெளியில் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் வெளியூர்க்காரர். போருக்குப் பின் கிழக்கிலிருந்து வந்த அகதிக் குடும்பம். புத்தக ஜெர்மன் பேசுவார். ஊர்க் கிழவிகள் அவரிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அல்மூட் இந்த ஊர்ப் பெண். பிளம் கேக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அடுப்படியாகப் போய் உட்கார்ந்து, ஊர்ப் பேச்சில் கேட்டது அவர்தான். போரில் யார் யாரை ஒளித்துவைத்தார்கள், யார் காட்டிக்கொடுத்தார்கள், களஞ்சியத்துக்கு யார் தீ வைத்தது. அல்மூட் வந்து சொல்வார். வாத்தியார் அதை நல்ல மொழியில் எழுதுவார்.

புத்தகத்தில் அல்மூட்டின் பெயர் இல்லை. முன்னுரையில் சேமிப்பு வங்கிக்குக்கூட நன்றி உண்டு.

(எனக்கு இதைச் சொன்னது அடுமனைக்காரி, ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே. ஊருக்கே தெரியும். வாத்தியார் மட்டும் சொன்னதில்லை.)

ஆக, அவருடைய விதிப்படியே ஒரு வாக்கியம் இருக்கிறது. "இந்த ஊரின் வரலாற்றைக் கேட்டு வாங்கியவள் இவள்." சத்தமாகச் சொன்னால் கல் நிற்கும். ஆனால் வாத்தியார் வாழ்நாளில் தனக்கென்று வைத்திருந்த ஒரே பெருமை போய்விடும்.

[அல்மூட்டுக்கு ஒரு வசனம் எழுதியிருந்தேன்: "என் பேரு எதுக்குங்க, கேக் சுட்டதுக்கா?" எடுத்துவிட்டேன். செத்தவர்கள் நம்மை மன்னிப்பதாக எழுதுவது சுலபம். செய்து பார்த்திருக்கிறேன். அதே கல்லறைத் தோட்டத்தில், புதிய வரிசையில், என் மனைவி இருக்கிறாள். கதை அவளைப் பற்றியது அல்ல.]

5

முடிவு ஒன்று: வாத்தியார் சொல்லிவிடுகிறார். யோஸ்ட் தொப்பியைக் கழற்றி…

யோஸ்ட் தொப்பியைக் கழற்றுகிற ஆள் இல்லை. வேண்டாம்.

முடிவு இரண்டு: "புல்லு" என்கிறார். வீட்டுக்குப் போகிறார். போய் இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில்…

அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

6

நடந்தது இதுதான். யோஸ்ட் சிகரெட்டைப் பூட்ஸ் அடியில் அணைத்தான். திரும்பினான். பாடம் ஒப்பிக்கிற பையனைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சரி, கேக்குறேன். இவங்க ஊருக்கு என்ன செஞ்சாங்க, சார்?"

வாத்தியார் கல்லை மறைத்தபடி நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. நான் குழாயடியில் இருந்தேன். காதில் விழும் தூரம். அவர் தோள்கள் உயர்ந்தன, பேசுவதற்கு மூச்சை இழுத்ததுபோல.

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

தகரப் பூவாளியில் தண்ணீர் விழும்போது வேறெதுவும் கேட்காது. நிறைந்து காலணியில் வழியும்வரை மூடவில்லை. நிமிர்ந்தபோது இருவரும் அடுத்த கல்லில் இருந்தார்கள்.

இப்போது அங்கே புல் முளைத்துவிட்டது. சுவரோரம் சில கற்கள் நிற்கின்றனவாம். நான் பின்வாசல் வழியாக வந்து போகிறேன். அங்கிருந்து சுவர் தெரியாது.

நீங்கள் முன்வாசல் வழியாக வாருங்கள். மணற்கல், சின்னது. இருக்கிறதா என்று பாருங்கள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் சொல்ல வேண்டாம்.