வாய் திறக்காத ஐந்து நிமிடம்

மேடை ஏற இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதுதான் டாக்டர் மரிசெலா அந்தச் சேதியைச் சொன்னாள்.

"எலோதியாக்கா, திரையில காட்டறதுலேர்ந்து முதல் வருஷத்துப் பக்கத்தை எடுத்துட்டேன். பன்னெண்டு நிமிஷம்தான் தர்றாங்க. நல்லதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடுவோம்."

எலோதியாவின் மடியில் கைப்பை, கைப்பைக்குள் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி. சான் அந்தோனியோவில் இருக்கிற அந்தப் பெரிய ஓட்டலின் நடைக்கூடத்தில், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத மெத்தை நாற்காலியில் அவள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். டெக்சாஸின் பல மாவட்டங்களிலிருந்தும் டாக்டர்களும் நர்சுகளும் வந்து கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைக்க எந்த ஊரில் எந்த வழி பலித்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கூட்டம். பிடித்த வழியை மற்ற மாவட்டங்கள் எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் அவர்களுடைய சலவைக் கடையும் இருந்தது. அம்மாடியோ, சலவைக் கடை! ஆற்றுக்கு இந்தப் பக்கம், நாட்டு எல்லையை ஒட்டிய சின்ன ஊரில், காசு போட்டு அவரவரே துவைத்துக்கொள்ளும் இருபத்திரண்டு இயந்திரங்களும் ஓட்டை விழுந்த கூரையுமாக நிற்கிற கடை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எலோதியா அங்கே இருபது வருடமாகத் தரை துடைக்கிறாள், சில்லறை மாற்றிக் கொடுக்கிறாள், ஊர் வம்பில் மூக்கை நுழைக்கிறாள். அவள் பெயரை அச்சடித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து அதை எத்தனை முறை தடவிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? மருந்து எழுதிக் கொடுக்கப்பட்ட பத்துப் பேரில் ஏழு பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் நிற்கிற கடை அது.

ஆனால் அந்த முதல் வருடம்.

துவைக்க வருகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி மாவட்ட சுகாதார அலுவலகம் கருவியைக் கொடுத்தபோது, அது வந்த பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டவள் அவள்தான். உள்ளே மடித்து வைத்திருந்த காகிதமும் அதோடு போயிற்று. துணி மடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் கருவியை வைத்தாள். ஈரத்துணிக் கூடையை இடுப்பிலிருந்து இறக்கியவர்களை அப்படியே நிற்க வைத்து, சட்டைக் கைக்கு மேலேயே கருவியின் பட்டையைச் சுற்றினாள். அவர்களோ மருமகளைத் திட்டிக்கொண்டும், விலைவாசியைச் சபித்துக்கொண்டும், வாய் ஓயாமல் நின்றார்கள். நூற்று அறுபது, நூற்று எண்பது என்று எண்கள் எகிறின. நாற்பது பேரை அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தாள். அங்கே உட்கார வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லை. 'எலோதியாவின் கருவி பொய் சொல்லும்' என்று ஊர் சிரித்தது.

தகரம் அடிக்கிற நிகானோர், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன், அவரும் சிரித்தார். அவருக்குக் காட்டிய எண்ணோ மெய். அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் சுத்தியலைப் பிடித்த இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் தங்கையோடு போனில் சண்டை போட்ட கையோடு எலோதியா தனக்கே பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்று எழுபது. கோபத்தில் யாரோடும் பேசாமல் சுவரோர நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். திரும்பப் பார்த்தால் நூற்று இருபத்தாறு. ஆஸ்பத்திரி நர்சிடம் ஓடிப்போய்க் கேட்டாள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், சட்டைக்கு மேலே சுற்றக் கூடாது, கை நெஞ்சளவு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. அவள் குப்பையில் போட்ட காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

அன்றிலிருந்து கடையில் ஒரே சட்டம். இயந்திரத்தில் கடைசி அலசலுக்கு விளக்கு எரிந்ததும் சுவரோர நாற்காலிக்கு வந்துவிட வேண்டும். அலசல் முடிகிற வரை பேச்சு மூச்சு கூடாது. பேசினால் அடுத்தவர் வீட்டு சாக்ஸை எல்லாம் ஜோடி சேர்க்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்களை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா? அதைச் செய்து காட்டியவர் நிகானோர்தான். கடிகாரமும் கையுமாக வாசலில் உட்கார்ந்து, உதடு அசைந்தாலே "சாக்ஸ்!" என்று கத்துவார்.

நேற்று பஸ் ஏற்றிவிட வந்தவரும் அவர்தான். "என் கையப் பத்தியும் சொல்லு, தாயி. சும்மா போயிடக் கூடாது இது."

"டாக்டரம்மா," என்றாள் எலோதியா. "அந்தப் பக்கம் இல்லேன்னா, கேக்கறவங்களும் ஒரு கருவிய வாங்கிட்டுப் போய் மேசையோரமா வெச்சு, நின்னபடியே பாப்பாங்க. நான் செஞ்ச மாதிரியே."

"அக்கா, தோத்ததச் சொன்னா நம்மள யாரு மதிப்பாங்க? ஊர் பேரு கெடும். என் பேச்சைக் கேளுங்க."

மரிசெலா கெட்டவள் இல்லை. அதே ஊரில் அதே கடையில் துணி துவைத்து வளர்ந்து, டாக்டராகித் திரும்பி வந்தவள். ஊர்ப் பெயர் நன்றாக ஒலிக்க வேண்டும் என்று தவிக்கிறாள். எலோதியாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேடையில் ஏறினாள். திரையில் பத்துக்கு ஏழு என்று பெரிதாக நின்றது. கை தட்டினார்கள். அதோடு நன்றி சொல்லி இறங்கியிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம்.

"இது நாலாவது வருஷம்," என்றாள். "முதல் வருஷத்தச் சொல்றேன். அது திரையில இல்ல."

சொன்னாள். கிழித்த பெட்டியை, குப்பைக்குப் போன காகிதத்தை, நாற்பது பேரை, நிகானோரின் இடது கையை. அரங்கில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. முதல் வரிசையில் மரிசெலா கால் மேல் கால் போட்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கி," என்றாள் எலோதியா. "அத உங்களுக்கே தர்றேன். எல்லாரும் நல்லா சாஞ்சுக்குங்க. கால் மேல போட்ட கால எறக்குங்க. பாதம் ரெண்டும் தரையில. வாய் தொறக்கக் கூடாது."

பின்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"சாக்ஸ்!" என்று அதட்டினாள். அரங்கமே சிரித்தது. பிறகு அடங்கியது.

பெரிய பெரிய படிப்புப் படித்த இருநூறு பேர் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள். குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. எலோதியா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மினுமினுக்கும் கறுப்புச் சப்பாத்துகளும், நர்சுகளின் வெள்ளைச் சப்பாத்துகளும், எங்கோ வயல்வெளி ஊரிலிருந்து வந்தவரின் தூசி படிந்த பூட்சும் வரிசை வரிசையாகக் கம்பளத்தில் ஊன்றியிருந்தன. இரண்டாவது நிமிடத்தில் மரிசெலா நிமிர்ந்தாள். மேலே கிடந்த காலை மெல்ல எடுத்து மற்றதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, வெறும் கையை நாற்காலியின் கைப்பிடியில் மல்லாக்க நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.