ரிப்பன் கட்டிய நாற்காலி

பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குப் புது நாற்காலி வந்து பதினொரு நாளாகியும் அதில் ஒருவரும் உட்காரவில்லை. சாய்ந்தால் சாயும், கால் நீட்டினால் நீளும். குறைமாதக் குழந்தையைத் தாய் வெறும் மார்போடு அணைத்து உட்காருவதற்கென்றே வரவழைத்தது. ஆனால் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அதை வெட்ட வேண்டிய சிறப்பு விருந்தினர் மூன்று முறை தேதி மாற்றிவிட்டார். வெட்டும் வரை யாரும் உட்காரக் கூடாது என்பது டைரக்டர் உத்தரவு. பார்வைக்கு அசிங்கம் என்று மற்ற நாற்காலிகளையும் அப்புறப்படுத்தியாயிற்று.

பெரிய சிஸ்டருக்கு வயிறு எரிந்தது. காரணம், ஆறாம் நம்பர் இன்குபேட்டரில் கிடந்த அவசரக்குடுக்கை. இன்னும் பெயர் வைக்காத குழந்தைகளுக்குப் பட்டப்பெயர் சூட்டி, பிளாஸ்டரில் எழுதிப் பெட்டியில் ஒட்டுவது சிஸ்டர்களின் பழைய வழக்கம். இரண்டரை மாதம் முந்திக்கொண்டு பிறந்தவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? மூச்சு மெஷினை எடுத்து மூன்று நாளாயிற்று. இனி அம்மா மார்பில் வைக்கலாம் என்று டாக்டரும் எழுதிவிட்டார்.

“இன்னைக்காவது தருவீங்களாக்கா? பத்தொன்பது நாளா கண்ணாடி வழியாவே பாக்கறேன். மீன்தொட்டி பாக்க வந்தவ மாதிரி இருக்கு” என்றாள் அவன் தாய்.

“ரிப்பன் வெட்டட்டும்னு சொல்றாங்கம்மா.”

“எம் பிள்ளைக்கும் ரிப்பனுக்கும் என்னக்கா சம்பந்தம்?”

சிஸ்டர் நேரே சாமான் அறைக்குப் போனாள். கிழிந்த மெத்தைகளுக்கு அடியில், ஒரு காலில் பிளாஸ்டர் கட்டோடு கிடந்தது, சிஸ்டர்கள் சிம்மாசனம் என்று கூப்பிட்ட பழைய நாற்காலி.

அந்தக் காலத்தில் பிரிவு என்பது ஒரே அறை, நாலு பெட்டி. அதிலும் ஒன்று மனசு வைத்தால்தான் சூடாகும். மெஷின்கள் கத்தாது, சிஸ்டர்கள்தான் கத்துவார்கள். உட்கார இந்த ஒரே நாற்காலி. பிழைத்து வீட்டுக்குப் போகும் குழந்தையின் பிளாஸ்டரைப் பிரித்து இதன் கைப்பிடிக்கு அடியில் ஒட்டுவார்கள். சிஸ்டர் கவிழ்த்துப் பார்த்தாள். சுண்டைக்காய். தூங்குமூஞ்சி. கலெக்டர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்து போயிற்று.

முந்திரிக்கொட்டை.

அவன் அப்பா அப்போது ஒல்லிக்குச்சி ஜூனியர் டாக்டர். “மார்புல வைக்கறதெல்லாம் கைவைத்தியம் சிஸ்டர், மெஷின்தான் விஞ்ஞானம்” என்று தினமும் பிரசங்கம் செய்வார். ஒருநாள் மதியம் விஞ்ஞானம் சூடாகாமல் நின்றுபோயிற்று. மனைவியோ காய்ச்சலில் வேறு வார்டில். விலா எலும்பு தெரிய, சட்டையைக் கழற்றி இதில்தான் உட்கார்ந்தார். மார்பில் ஆயிரத்து நூறு கிராம்.

“சிஸ்டர், மூச்சு விடுதா?”

“விடுது. முதல்ல நீங்க விடுங்க.”

நாலு மணி நேரம் அசையவில்லை மனிதர். இன்று அவர்தான் டைரக்டர். இப்போதெல்லாம் மைக் இல்லாமல் மூச்சே விடுவதில்லை.

சிஸ்டர் நாற்காலியை மருந்து போட்டு இரண்டு தடவை துடைத்தாள். துணி விரித்துத் தாயை உட்காரவைத்து, அவசரக்குடுக்கையை அவள் மார்பில் கிடத்திப் போர்த்தினாள். குழந்தை ஒருமுறை முனகி அடங்கியது. தாய் சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து, ரிப்பன் முடிச்சைப் பார்வையிட நாலு பேர் புடைசூழ டைரக்டர் உள்ளே வந்தார்.

“இந்தக் குப்பைய யார் உள்ள கொண்டு வந்தது?”

“நான்தான் சார். நல்லா துடைச்சாச்சு. நம்பிக்கை இல்லன்னா கைப்பிடிக்கு அடியில பாருங்க.”

அழுக்கைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆவலோடு அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. என்ன பார்க்கிறார் என்று தெரியாத நாலு பேரும் மரியாதைக்குக் குனிந்து நின்றார்கள்.

“இது இன்னும் இருக்கா…” விரல் அந்தப் பெயரைத் தடவியது. “பய இப்ப ஆறடி, சிஸ்டர். என் பேச்சையே கேக்கறதில்ல.”

“அப்பவும் கேக்கல சார். அதான் சீக்கிரமே வந்தான்.”

“கொஞ்சம் மெதுவா பேசுங்க சார், இப்பத்தான் தூங்கினான்” என்றாள் தாய், கண்ணைத் திறக்காமலே.

“சரிம்மா, சரிம்மா” என்றார் டைரக்டர், கிசுகிசுப்பாக. பிறகு சிஸ்டரிடம் கை நீட்டினார். “பிளாஸ்டர் வெட்டற கத்தரி இருக்கா?”

“சார், விருந்தினர் வந்து…” என்றார் நாலு பேரில் ஒருவர்.

“அவருக்கு வேற ரிப்பன் கட்டிக்கலாம்.”

நறுக்கென்று வெட்டினார். யாருக்கும் கைதட்டத் தைரியம் வரவில்லை. குழந்தை தூங்கியது.

“நீ புதுசுக்கு மாறிக்கோம்மா” என்றாள் சிஸ்டர்.

தாய் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். நாலாம் நம்பர் பெட்டியருகே நின்றிருந்த இன்னொருத்தி மெல்ல முன்னால் வந்தாள்.

“அப்போ நான் உக்காரட்டுமாக்கா?”