தீய்ந்த சோயா

எங்கள் ஆலையின் கோழித் தீவனச் சாக்கில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. குஞ்சுகள் வளரவே இல்லை என்று ஒரு பண்ணைக்காரர் வந்து நின்றபோதும், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆலையின் ஆய்வறை என் மருமகளின் பொறுப்பு. பண்ணைக்காரர் விட்டுப்போன தீவனத்தை அவள் சோதித்தாள். மொத்தப் புரதம் சரியாக இருந்தது. அதோடு விடவில்லை. தீவனத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து, புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாக அளந்தாள். குஞ்சு வளரத் தேவையான லைசின் குறைந்திருந்தது. சூடு மிஞ்சினால் முதலில் கெடுவது அதுதானாம்.

"சோயா தீஞ்சிருக்கு மாமா."

கருவியில் கோளாறு, மறுபடி பார் என்றேன். மறுபடியும் அதே அளவுதான் வந்தது. யாருக்கும் சொல்லாதே என்றேன்.

சோயா வறுப்பவன் என் தம்பி. எங்கள் வறுவலுக்கு வெப்பமானி கிடையாது, மூக்குதான். முன்பு அப்பாவின் மூக்கு, பிறகு அவனுடையது.

அன்று மாலை வீட்டில் பால் அடிபிடித்துவிட்டது. டம்ளர்களில் ஊற்றியதும் கூடம் முழுக்கத் தீய்ந்த வாடை. மருமகள் கொட்ட எழுவதற்குள் தம்பி ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தான்.

"சர்க்கரைல என்னம்மா இவ்ளோ கஞ்சத்தனம்?" என்றான்.

மருமகள் என்னைப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்துடா?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. போன மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு எதுவும் மணக்கவில்லை என்றான். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"சொன்னா அந்த இடத்துல வேற ஆள நிறுத்திருப்பீங்க அண்ணா. நம்ம வீட்டு ஆளுதான் அங்க நிக்கணும்னு சொன்னதும் நீங்கதான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறெதுவும்கூட வரவில்லை. என் டம்ளரிலிருந்த பாலைக் குடித்து முடித்தேன். பண்ணைக்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, விற்ற சாக்குகளைத் திரும்ப வாங்கச் சொன்னேன். மருமகள் தலையசைத்தாள்.

வறுக்கும் உருளையில் வெப்பமானி பொருத்திய அன்று தம்பி ஓரமாய் நின்றான்.

"உன் இடத்துல நில்லு. முள்ளப் பாத்து இறக்கு."

நின்றான். பழக்கத்தில் ஒருமுறை மூக்கை உயர்த்தினான். பிறகு முள்ளைப் பார்த்து இறக்கினான். வாசனை சரியாக இருந்தது. அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.